சாக்கட்டிக் கோடு

மூன்றாவது தண்டும் உடைந்து வந்தது
ஷ்ரூஸ்பரி ரயிலில், வைக்கோல் சுற்றி,
கூலி எங்கள் தலையில்.
ஈரத்துணியைப் பிழிந்து பாதியில் விட்டதுபோல்
சாய்ந்து, சுற்றிக்கொண்டு ஓடியிருந்தது முறிவு.
"முறுக்கி உடைந்திருக்கிறது"
என்றார் ஈனாக் பார்ஜெட்டர்.
அவருக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.
சொல்லவில்லை.

ஆறு சிலிண்டர், ஆறு உதை.
ஒவ்வோர் உதைக்கும் தண்டு மயிரிழை முறுகி
மயிரிழை திரும்பும்.
நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு சுற்றில்
உதையும் திரும்பலும் ஒரு தாளத்தில் விழும்.
ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற கை மாதிரி.
முன்பக்கப் பல்சக்கரங்கள் அப்போது
தகரப்பெட்டியில் கொட்டிய ஆணிகள்.
அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிவிடவும்
என்று கையேட்டில் அச்சடித்திருந்தோம்.
வேல்ஸ் மலையேற்றத்தில் எங்கே தாண்டுவது?

அதற்காகத்தான் தண்டின் மூக்கில்
அந்தச் சின்னச் சக்கரம்.
இரண்டு துணித்தட்டுகளுக்கு நடுவில்
ஆறு வில்சுருள் அமுக்க,
பாதிப் பிடியில் இருக்கும்.
தண்டு துள்ளும்போது தான் துள்ளாது.
தன் போக்கில் சுற்றி, உரசி,
துள்ளலைச் சூடாக்கித் தின்றுவிடும்.
இறுக்கிப் பிடித்தால் வெறும் பாரம்.
தளர்த்தினால் வெறும் அலங்காரம்.

பின்சக்கரத்துக்கு ஆப்பு வைத்தோம்.
சின்னச் சக்கரத்தில் இரண்டடி இரும்புக் கை பூட்டி
முனையில் வாளி மாட்டினோம்.
ஸைலஸ் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினான்.
எட்டாவது குவளையில் வழுக்க வேண்டும்.
எட்டு.
பன்னிரண்டு.
வாளி நிறைந்து பூட்ஸில் வழிந்தது.
கடைசியில் ஸைலஸே கையைப் பிடித்துத் தொங்கினான்,
கசாப்புக் கடை ஆட்டுத்தொடை மாதிரி.
அசையவில்லை.
பட்டறையே சிரித்தது, என்னைத் தவிர.

"துணி காய்ந்து ஒட்டியிருக்கும்" என்று
கழற்றினார் ஈனாக்.
துணியில் ஈரம் இருந்தது.
நட்டுகள்தான் இரண்டு புரி உள்ளே போயிருந்தன.

மாடி அலுவலகத்திலிருந்து ஏடா ட்ரான்ட்டர்
இரண்டு பேரேடுகளை அணைத்துக்கொண்டு இறங்கினாள்.
ஒன்றில் உடைந்த தண்டுகள். மற்றதில் புகார்கள்.
வண்டி எண் பதினேழு: கீச்சுச் சத்தம், சரிசெய்யப்பட்டது.
ஏழு வாரத்தில் தண்டு.
இருபத்தாறு: கீச்சு, சரிசெய்யப்பட்டது.
ஐந்து வாரம்.
நாற்பத்தொன்று, ஒன்பது வாரம்.
சரிசெய்தவர் பெயரை அவள் வாசிக்கவில்லை.
விரலை மட்டும் அதன் கீழே வைத்தாள்.
மசி படிந்த விரல்.

ஜோப் ஹாட்லி. நான்தான்.
ஜெபத்தின் நடுவே கோயில் வாசலில்
வண்டி கீச்சிட்டதாம்;
வக்கீல் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டதாம்.
ஸ்பானரால் ஆறு திருகு.
பூனை நடப்பதுபோல் போயிற்று வண்டி.
அரை கிரவுன் கொடுத்தார்கள், குடித்தேன்.
பிறகு கீச்சு என்று யார் வந்தாலும்
அதே ஸ்பானர்.

துணியை விளக்கெண்ணெயில் இரவெல்லாம் ஊறவைத்தோம்.
நட்டைப் பின்வாங்கி, எட்டாவது குவளைக்கு வழுக்கவிட்டு
ஊசி அடித்துப் பூட்டினோம்.
மையத்திலிருந்து விளிம்புவரை
சாக்கட்டியால் ஒரே கோடு இழுத்தார் ஈனாக்.
எஞ்சினை ஆயிரத்து நூறில் நிறுத்தினேன்.
யாரும் நிறுத்தக்கூடாத இடத்தில், முழு அரை நிமிடம்.
பற்கள் ஒருமுறை கடகடத்தன.
பிறகு வந்தது
அந்தக் கீச்சு.

அணைத்துவிட்டுக் குனிந்தோம்.
கோடு இரண்டாகியிருந்தது,
பாதி மையத்தில், பாதி நான்கு விரல் தள்ளி.
ஏடா எழுதினாள்:
கீச்சிடுகிறது. நன்று.

பக்கத்தைப் புரட்டி என் பெயரை எண்ணினாள்.
நான் வாயடைத்த வண்டிகள் இன்னும் பதினொன்று
எங்கெங்கோ மலையேறிக்கொண்டிருந்தன.
அன்று மாலை பதினொரு கடிதம் அவள் சொல்ல
என் கையெழுத்தில் எழுதினேன்:
ஐயா, தங்கள் வண்டி சத்தம் போடுகிறதா?
இல்லையென்றால்
தயவுசெய்து உடனே நிறுத்தவும்.