ஒலியை நீக்கு

நீதிமன்றப் படிவம்
இருபத்தைந்து மெகாபைட்டுக்கு மேல் வாங்காது.
ஹெல்வே அனுப்பியது அறுநூற்றுப் பன்னிரண்டு.
நாலு நிமிடம் பதினோரு நொடி,
கைகளால் சொன்ன வாக்குமூலம்.

இங்கே கொடு, சுருக்கித் தருகிறேன் என்று
எத்தனையோ தளங்கள் கைநீட்டுகின்றன.
எந்த ஊர்க் கணினிக்குப் போகும், யார் பார்ப்பார்,
அழித்துவிட்டோம் என்றால் யார் போய்ச் சரிபார்ப்பது?
அவளை விட்டுப் போன ரைகோவுக்கு
இந்த மாதிரிக் கம்பெனி ஒன்றில்தான் வேலை.

ஆகவே இது:
பிரவுசருக்குள்ளேயே சுருக்கும் ஒரு பக்கம்.
கோப்பு எங்கும் போகாது என்று எழுதியிருந்தது.
பதினேழு வருடம் சைகைமொழி பெயர்த்தவள் நான்,
எழுதியிருப்பதை அப்படியே நம்பிப் பழக்கமில்லை.
வைஃபையை அணைத்தேன்.
பச்சைக் கோடு நிற்கவில்லை.
நாற்பது. நாற்பத்தொன்று.
மடியில் லேப்டாப் சுட்டது, விசிறி இரைந்தது.
ஜன்னலுக்கு வெளியே தார்த்து நகரம்,
மைனஸ் பதினெட்டில் உறைந்த ஆறு.
ஒரு புள்ளிகூட இந்த மேசையைத் தாண்டவில்லை.

முதல் முறை, இருபத்துநாலு.
ஆனால் விரல்கள் குழைந்துபோயின.
மூன்று முறை அடித்தான் என்ற இடத்தில்
இரண்டு விரல், பக்கத்தில் ஒரு மங்கல்.
நீதிபதிக்கு நான் இரண்டு என்றுதான் வாசிக்க முடியும்.

அசையாததை ஒருமுறை எழுதினால் போதும்,
அசைவதற்குத்தான் இடம் வேண்டும்.
இயந்திரத்தின் சிக்கனம் அது.
அவளுக்குப் பின்னால் மீன்தொட்டி.
குமிழி, குமிழி, ஓயாத குமிழி.
சாட்சி சொல்பவளைவிட
குமிழிகளுக்கே அதிகம் செலவழித்திருந்தது.
தொட்டியை வெட்டினேன்.
ஓரத்தில் ஓர் ஆரஞ்சு வால் மட்டும்
வந்து வந்து போனது.

விரல்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.
கீழே ஒரு கட்டம்: ஒலியை நீக்கு.
நாலு மெகாபைட் மிச்சமாகும்.
பிறவியிலேயே கேளாதவளின் வீடியோவில்
ஒலி யாருக்கு?
டிக் போட்டேன்.

பிறகு, சட்டையைத் துவைக்கப் போடுமுன்
பையைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தில்
இயர்போனை மாட்டினேன்.

ஃபிரிட்ஜின் உறுமல்.
ஸ்வெட்டர் கைகள் உரசுவது.
சொல் தேடும்போது தொண்டையில் எழும் சின்ன முனகல்,
தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாதது.
இரண்டாம் நிமிடம், நாற்பதாவது நொடி,
கதவு.
மெல்லத் தட்டுகிறான்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல.
பெல்லை அழுத்தினால் அறை விளக்கு மின்னும்,
அவள் திரும்பிப் பார்த்துவிடுவாள்.
அழுத்தவில்லை.
ஹெல்வே, என்கிறான் கிசுகிசுப்பாக.
ஹெல்வே.
சாவி நுழைகிறது. அரைத் திருகு.
படிக்கட்டில் யாரோ இருமுகிறார்கள்.
சாவி வெளியே வருகிறது, காலடி இறங்குகிறது.

அந்த நொடிகளில் அவள் கைகள் சொல்வது:
இப்போதெல்லாம் அவன் இந்தப் பக்கம் வருவதில்லை.

மூலத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
அவள் தோளுக்கு மேலே கைப்பிடி
ஒரு விரற்கடை தாழ்ந்து எழுந்தது.
சுருக்கியதில் தாழவே இல்லை.
சுவரோடு சுவராக, அசையாதது என்று
கணக்கை முடித்திருந்தது இயந்திரம்.

டிக்கை எடுத்தேன்.
கூரை போகட்டும், சோபா போகட்டும்,
திரைச்சீலையின் நிறமும் போகட்டும்.
இறுக்கலாம், ஆனால் சுருக்கு
எந்தக் கழுத்தில் விழுகிறது என்று பார்த்து இறுக்க வேண்டும்.
அவள் முகம், பத்து விரல், ஒரு கைப்பிடி,
ஒரு கிசுகிசுப்பு.
ஐந்தாவது முறை, இருபத்துநாலு புள்ளி ஏழு.

பக்கத்தை மூடினேன்.
விசிறி அடங்கியது.
எங்கும் எதுவும் தங்கவில்லை,
என் காதைத் தவிர.

வைஃபையைப் போட்டதும் அவளுக்கு எழுதினேன்:
பூட்டை மாற்றிவிட்டாயா?

மூன்று புள்ளிகள் துடித்தன.
பதில் வந்தது, ஒரே சொல்:

ஏன்?