நான்கு தட்டு

மூன்று நாளாய்ப் பனி.
உலான்பாத்தர் சாலை மூடிக் கிடக்கிறது.
மருந்து லாரி எந்தக் கணவாயில் நிற்கிறதோ,
ஓட்டுநரின் போனும் செத்துவிட்டது.
என் அலமாரியில்
தசை தளர்த்தும் மருந்து இரண்டே குப்பி.

மேசைமேல் கொம்போசுரேன்,
அறுபத்தொரு வயது, எண்பத்தெட்டு கிலோ.
கல்லீரலில் முலாம்பழம்போல் ஒரு நீர்க்கட்டி:
ஆடும் நாயும் சேர்ந்து கொடுத்த சீதனம்.
லாரி வரும்வரை அது பொறுக்காது.
திறக்கும் நேரத்தில் ஓர் இருமல் வந்தாலும்
வயிற்றுக்குள்ளேயே உடைந்துவிடும்.
வில்லாளி என்றான் மகன்.
வலக் கட்டைவிரலில் நாண் உரசிய காய்ப்பு
ஆட்டுப் பல்லளவுக்கு.

கணக்குப் போட்டேன்.
இரண்டு குப்பி தையல்வரை காணாது.

பிரசவ வார்டுக்கு ஓடினேன்.
வலிப்பு காணும் கர்ப்பிணிகளுக்காக
அங்கே மெக்னீசியம் எப்போதும் இருக்கும்.
வெறும் உப்பு. விலை ஒரு ரொட்டிகூட ஆகாது.
"கையெழுத்துப் போட்டுவிட்டு எடு" என்றாள் ஒதோன்சிமெக்.
நான்கு குப்பி. போட்டேன்.

நரம்பு முடியும் இடத்தில் போய் நிற்கும் இந்த உப்பு.
கால்சியத்தை உள்ளே விடாது.
கட்டளை போகும்,
ஆனால் கிசுகிசுப்பாகப் போகும்.
பாதிக் காது அடைத்த தசைக்கு
முழு மருந்து எதற்கு?
இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.
புத்தகத்தில் பனி இல்லை.

கால் மணி நேரம், சொட்டுச் சொட்டாய் உப்பு.
ரத்த அழுத்தம் சரிந்தது, தாங்கிப் பிடித்தேன்.
பிறகு ரோக்குரோனியம்,
வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

மணிக்கட்டில் இரண்டு மின்பட்டை.
கருவி நான்கு முறை தட்டும்,
கட்டைவிரல் நான்கு முறை பதில் சொல்லும்.
நான்கு.
மூன்று, இன்னொன்று இருந்ததோ என்னவோ.
ஒன்று.
பிறகு
தட்டியும் திறக்காத கதவு.

"வயிறு வெண்ணெய்" என்றாள் செரெந்துலாம், கத்தியோடு.
"எவ்வளவு கொடுத்தாய்?"
சொன்னேன்.
முகக்கவசத்துக்குள் சிரித்தாள், நம்பாமல்.

எங்கோ வெப்பக் காட்டில்
குரங்கை மரத்திலிருந்து விழவைத்த அம்பு நஞ்சின்
வம்சம் இந்த மருந்து.
எங்கள் அம்பு யாரையும் கொல்வதில்லை இப்போது.
தரையில் அடுக்கிய தோல் உருளைகளைத் தட்டிவிடும்,
நடுவர்கள் கையுயர்த்திப் பாடுவார்கள், அவ்வளவுதான்.
அந்த நாணை இழுத்த விரல்
என் உள்ளங்கையில் கிடக்கிறது,
ஈரத் துணிபோல.

இரண்டரை மணி நேரம். ஒரு இருமல் இல்லை.
கட்டி முழுசாய் வெளியே வந்தது.
ஒரே குப்பியில் முடித்தேன்.
இரண்டாவது அலமாரியில், மூடி திறக்காமல்.

அப்புறம்தான் வந்தது வினை.

கடைசித் தையல். தட்டினேன். இல்லை.
பத்து நிமிடம். இல்லை.
மருந்தில் மிச்சம் பிடித்ததை
நேரத்தில் வசூலிக்கிறது உப்பு.
செரெந்துலாம் பால் தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.
மகன் கதவிடுக்கில் முகம் காட்டினான்.
இன்னும் கொஞ்சம் என்றேன்,
எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை,
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.
வெண்டிலேட்டர் மட்டும்
அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தட்டினேன்.
ஒன்று. கொசு கால் மாற்றி வைத்த அளவு.

அரை மணி ஆனபோது இரண்டு.
பிறகு நான்கும் வந்தன,
ஆனால் நான்காவது முதலாவதைவிட மெலிந்து.
மெலிவு போகட்டும் என்று உட்கார்ந்தேன்.
என் கால்கள் மரத்துவிட்டன.
எதற்கும் மசியாத குழாய் அவர் தொண்டையில்.

நான்கும் ஒரே உயரம்.
தலைகீழ் மருந்து. காத்திருப்பு. குழாயை எடுத்தேன்.
"என் கையைப் பிடியுங்கள்."
பிடித்தார்.
என் எலும்பு நொறுங்கியது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
பிரசவ வார்டுக்குப் பாக்கி, நான்கு குப்பி.
பேனா பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை.