பன்னிரண்டு பாயிண்ட்

ஐப்பசியில் கொடைக்கானலுக்கு ஆள் வருவதில்லை.
தூண்பாறைக்கு எதிரே நின்று
வெள்ளை வேட்டியைப் பார்க்க
யார் காசு கொடுப்பார்கள்?
நாயுடுபுரத்தில் என் ஜீப்
ஒன்பது நாளாய் நிற்கிறது.
தார்ப்பாய் மேல் ஒரு தவளை.

வீட்டுக்குள் ஒழுகுவதால்
ஜீப்புக்குள் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம்.
ரெஜினாவின் மடியில் பட்டர் பீன்ஸ்.
உரிக்கிற கையை நிறுத்தாமல் கேட்கிறாள்,
எத்தனை நாள்?
எண்ணக் கூடாது என்கிறேன்.

பதினெட்டு வருஷம் எண்ணியாயிற்று.
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பாயிண்ட்,
ஒரு பாயிண்டுக்குப் பத்து நிமிஷம்,
இறங்கு, போட்டோ, ஏறு.
மாங்காய்க்கு மட்டும் ஐந்து நிமிஷம் கூட.
பள்ளத்தாக்கின் முன்னால் ஒருவர்
கொஞ்சம் அதிகமாய் நின்றுவிட்டால்
ஹாரன் அடித்தவன் நான்தான்.
தூரத்தில் மினுங்கிய வைகை அணையைக் காட்டி
ஒரு பிள்ளை, கடலா என்றது.
ஆமாம் என்றேன்.
நேரமில்லை.

முன்கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்திருக்கிறது.
செலின் அதில் விரலால் வழி போடுகிறாள்.
மேலே இடது மூலையில் நாங்கள்.
பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை,
குடல் மாதிரி சுற்றி
வத்தலக்குண்டில் நிமிர்கிறது கோடு.
அங்கே காது திறக்கும் என்கிறேன்,
அதுவரை நாம் பேசினதெல்லாம்
அப்போதுதான் சரியாய்க் கேட்கும்.

திருச்சிக்குள் நுழையாமல் கல்லணை.
ஆற்றிடம் ஒரு ராஜா
மெதுவாய்ப் போ என்று சொன்ன இடம்.
பிறகு தஞ்சாவூர்.
பெரிய கோவில் புல்தரையில்
நாலு மணிக்கு உட்கார்ந்தால்
கோபுரம் மஞ்சளாகி, செங்கல்லாகி,
இருட்டோடு இருட்டாகும் வரை எழுந்திருக்கக் கூடாது.
"கோவில்ல நான் என்ன பண்ண?"
உட்காரு.
"உட்காரவா இவ்வளவு டீசல்?"

அவள் கணக்கு வேறு.
செலினுக்கு இரண்டு வயதில் நெஞ்சு சளி,
ஆஸ்பத்திரி வாசலில் நேர்ந்துகொண்டது,
வேளாங்கண்ணிக்கு வெள்ளியில் ஒரு நெஞ்சு.
அது ஒன்பது வருஷமாய்
அரிசி டின்னுக்குள் கிடக்கிறது.
"மாதாவைக் காக்க வச்சுட்டு
நீ அணை பார்ப்பியா?"
ஒன்பது வருஷம் பொறுத்தவள்தானே என்றேன்.
"அதனாலதான்" என்றாள்.
ஒரு பீன்ஸ் தெறித்து
ஆக்சிலேட்டருக்கு அடியில் போனது.

கிளட்ச் பிளேட்டைக் கடனில் போட்ட காதர் மைதீன்
நாகூரில் தன் பெயருக்கு
ஒரு பிடி சர்க்கரை வைக்கச் சொல்லியிருக்கிறார்.
அது எந்த வரிசையில் வந்தாலும் சரியாம்.
கடைசியில் தரங்கம்பாடி.
டேனிஷ்காரன் கோட்டை அப்படியே நிற்கிறது,
கடல்தான் கிட்டே வந்துகொண்டிருக்கிறதாம்.
ஒருநாள் பின்சீட்டில் யாரோ சொன்னது.

செலின் வலது ஓரத்தில்
உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தேய்த்தாள்.
கடல்.
"அப்பா, இதுக்கு எத்தனை பாயிண்ட்?"

ஒன்றும் சொல்லவில்லை.
நானும் பார்த்ததில்லை என்று
கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
மெரினாவில் குளித்ததாய்ச் சொல்லியிருக்கிறேன்,
பேண்ட் நனைந்ததாய், செருப்பு போனதாய்.
செருப்பின் நிறம் வரை சொல்லியிருக்கிறேன்.

செலினின் கடலிலிருந்து ஒரு சொட்டு பிரிந்து
டேஷ்போர்டு வரை இறங்கியது.

போன் அடித்தது.
தீபாவளி லீவு, ஆறு பேர், ஒரே நாள்,
எத்தனை பாயிண்ட் காட்டுவீங்க?
பன்னிரண்டு என்றேன்.
பிறகு ஏனோ, பதினொன்று என்றேன்.
மிச்சப் பத்து நிமிஷம்
உங்களுக்கு எங்கே பிடிக்கிறதோ அங்கே நில்லுங்கள்,
ஹாரன் அடிக்க மாட்டேன்.
வேற வண்டி பார்த்துக்கறோம் என்று வைத்துவிட்டார்.

ரெஜினா பீன்ஸை முந்தானையில் அள்ளிக்கொண்டு இறங்கினாள்.
மழைக்குள் இரண்டடி போய்த் திரும்பி,
கண்ணாடியைத் துடைச்சிராதே என்றாள்.