ஒண்ணே கால்

அஞ்சுக்கு ஒண்ணே கால்தான் போட்டிருக்கான்,
அந்தக் காலும் கேமராமேனுக்காமா.
டீ டைமில் சூப்பர்வைசர் கனகராஜ்
போனைத் தூக்கிக் காட்டுகிறார்.
கண்ணாடி போட்ட பையன்
கையை விரித்து விரித்துச் சொல்கிறான்:
கதை இல்லை, லாஜிக் இல்லை,
இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டேன் நண்பர்களே.

தூங்கினவன் எப்படி மார்க் போட்டான்
என்று கேட்க வாயெடுத்தேன்.
பெல் அடித்துவிட்டது.

எனக்குச் சோலி செக்கிங்.
டியூப்லைட்டுக்குக் கீழே மேஜை,
மேஜை மேல் பனியன்,
நாளுக்கு எழுநூறு, அவசர ஆர்டர் என்றால் எண்ணூறு.
கழுத்து, தோள், அக்குள், பக்கத் தையல், அடிமடிப்பு.
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்ட தையல்.
குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டி
அக்கட்டால தள்ளுவேன்.
பதினோரு வருசம்.
பஸ்ஸில் முன்னால் நிற்கிறவன் காலரைக்கூட
என் கண் சும்மா விடாது.

எனக்குத் தெரியாதா குறை?

சனிக்கிழமை சம்பளம்.
ஞாயிறு மதியக் காட்சிக்கு
அனுப்பர்பாளையம் தாண்டி வெயிலில் நடந்தோம்,
நானும் மினதியும்.
ஒடிசாக்காரி. பேக்கிங் செக்சன்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம்
சீக்கிரம், போதுமுங்க, நாளைக்கு லீவு.

எங்களோடு சேர்த்துப் பதினாலு பேர்.
ஓடுகிற ஒரே ஃபேனுக்குக் கீழே
ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு
குடியேறியிருந்தது.

டைட்டில் முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.
வாசலில் நுழையும்போது நீலச் சட்டை,
கூடத்துக்கு வரும்போது பச்சை.
அம்பு.
கொலைகாரனைத் தேடி ஊரே அலைகிறது,
அவன் பின்னாடி நின்று டீ குடிக்கிறான்.
அம்பு.
இடைவேளைக்கு முன் செத்த தம்பி
அடுத்த பாட்டில் கடைசி வரிசையில் ஆடுகிறான்.
அம்பு.
மழைச் சண்டை. இவர்கள் தொப்பலாக நனைய
தெருவின் அந்தக் கோடியில் நல்ல வெயில்.
நாயகன் கிழித்தெறிந்த பனியனோ
சிங்கிள் ஜெர்சி, நூற்றறுபது ஜிஎஸ்எம்,
கழுத்து ரிப்பை இழுத்துப் பிடித்துத் தைத்தது.
அதற்கு இரண்டு அம்பு.

மினதி ஜோக் வருவதற்கு முன்பே சிரித்தாள்.
சிரிக்க வைக்கிற மூஞ்சி வந்தாலே போதும் அவளுக்கு.
வில்லன் வாயைத் திறந்தால்
என் முழங்கையைக் கிள்ளினாள்.

அப்போதுதான் அவன் வந்தான்.
பேரில்லாத அடியாள், லுங்கி, ஒட்டுமீசை.
ஓர் உதையில் மொட்டைமாடியிலிருந்து விழ வேண்டியவன்
விழுவதற்கு முன்
தலையை லேசாகத் திருப்பி
மெத்தை எங்கே என்று பார்த்தான்.

பார்த்துவிட்டு,
ஆவென்று கத்திக்கொண்டு விழுந்தான்.

அம்பு என் விரல் நுனியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பார்வையில் அவன் வீட்டு வாடகை தெரிந்தது.
போன படத்தில் பிசகின முட்டி தெரிந்தது.
காலையில் சோத்துப் போசியை நீட்டி
பார்த்து விழுங்க என்று சொன்ன யாரோ தெரிந்தார்கள்.
சோலி தெரிந்த டைரக்டர் வெட்டியிருப்பான்.
இவனுக்குத் தெரியவில்லை,
நல்லா இருக்கட்டும்.

நல்ல படங்களில்
யாரும் மெத்தையைத் தேடுவதில்லை.
விழுந்தால் செத்துப்போகிறார்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணி.
திரையில் குத்துப்பாட்டு.
மினதி என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்,
மறுபடியும் என்னைப் பார்த்தாள்,
கையிலிருந்த முறுக்கில் பாதியை உடைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை எட்டரை.
படம் எப்படிங்க, என்றார் கனகராஜ்.
குப்பைங்க, என்றேன்.
அந்தப் பையன் எச்சாவே போட்டிருக்கான்.

முதல் கட்டில் மூணாவது பனியன்,
பக்கத் தையல் ஒரு விரக்கடை விட்டிருந்தது.
ஒட்டினேன், தள்ளினேன்.
அது சோலி.
காதர்பேட்டைக் குவியலில் கிடக்கும்,
நூறு ரூபாய்க்கு மூணு என்று எவனாவது கூவுவான்,
எவனாவது போட்டுக்கொண்டு
பொண்ணு பார்க்கப் போவான்.

மத்தியானம் மினதி வந்தாள்.
கசங்கின நூறு ரூபாயை மேஜை மேல் வைத்து
தலையை லேசாகத் திருப்பி
கீழே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள்,
ஆவென்றாள்.

அவளும் பார்த்திருக்கிறாள்.

நாளைக்கு லீவு? என்றாள்.

இல்லை புள்ளே,
இன்னும் ஆறு நாள்.