அறை காலியான பிறகு

அறையைக் காலி செய்கிறவர்கள்
பாட்டில்களை விட்டுவிட்டுப் போகிறார்கள்.
கடுகெண்ணெய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில்,
மால்டாவிலிருந்து மடியிலேயே வந்த ஊறுகாய் ஜாடி.
காட்பாடியில் ரயில் அதிக நேரம் நிற்காது;
நோயாளியை ஏற்றுவார்களா, கண்ணாடியை ஏற்றுவார்களா?

பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து, லாட்ஜில் பதினாறு வருடம்.
நான் கற்ற வங்காளம்
தண்ணீர், துண்டு, எவ்வளவு, நல்லது.
இருநூற்றி ஏழில் நாற்பது நாள் இருந்த பெண்
கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்து நிறையச் சொன்னாள்.
'நல்லது' மட்டும் காதில் விழுந்தது.
அதற்குப் பின்னால் ஒரு 'இல்லை' இருந்ததா என்று
லிஃப்ட் கதவு மூடியதில் தெரியவில்லை.

அவள் பாட்டிலைச்
சுடுதண்ணீரில், சாம்பலில், எலுமிச்சைத் தோலில் தேய்த்தேன்.
எண்ணெயின் மஞ்சள் அடியில் தங்கிவிட்டது.
சரி, இருக்கட்டும்.

சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடிக்குப்
பகலில் வெறுங்காலோடு போனால் தோல் தரையோடு ஒட்டும்.
இங்கே மாடியில் செடி வைத்தவளுக்கு
ராத்திரிதான் வயல்.
போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன்.
இரண்டு முறை வாளிக்குள் விழுந்தது.

சவுண்டு சர்வீஸ் அருமைராஜ்
பாதி செத்த சீரியல் செட்டை எடைக்குப் போட வைத்திருந்தான்.
நாற்பது சொன்னான், முப்பதுக்கு இறங்கினான்.
காய்கறித் தராசிலிருந்து கழற்றிய ஆறு வோல்ட் பேட்டரி எண்பது.
மூலை விரிந்த சோலார் தகடு,
இஸ்திரி வண்டிக்காரர் வேண்டாமென்றது, நூற்றி இருபது.
மொத்தம் இருநூற்று முப்பது.
பற்றவைக்கும்போது தீய்ந்த கட்டைவிரல்
கணக்கில் வராது.

சீரியல் பல்புகள் கை கோத்து நிற்பவை;
ஒன்று போனால் வரிசையே போகும்.
வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும்
தனியாக வரும் வழி, தனியாகப் போகும் வழி,
செத்த ரேடியோவிலிருந்து பிடுங்கிய
வண்ணக் கோடு போட்ட ஒரு ரெசிஸ்டர்.
ஆணியை அடுப்பில் காய்ச்சி மூடியில் இறக்கியதில்
படிக்கட்டு வரை பிளாஸ்டிக் நாற்றம்.
கீழ்வீட்டு நஸ்ரின் கதவைத் தட்டினாள்:
"இன்னைக்கு என்னக்கா சமையல்?"

பதினொன்று எரிந்தன.
ஊறுகாய் ஜாடி வெள்ளை வெளேரென்று,
ஹார்லிக்ஸ் கொஞ்சம் மங்கல்.
கடுகெண்ணெய் பாட்டில் மட்டும்
காசு கொடுத்தாலும் கிடைக்காத மஞ்சள்.
அதைச் சாமந்தித் தொட்டியில் நட்டேன்.
விடியும்வரை எரியவிட்டேன், அணைக்க மனசில்லாமல்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் பாதி.
சாமந்தி முட்டி உயரத்துக்கு இலையாகவே ஏறியது,
பேருக்கு ஒரு மொட்டில்லை.
எரு வைத்தேன், மீன் கழுவிய தண்ணீர் வைத்தேன், திட்டினேன்.
நாற்று வண்டிக்காரர்தான் கேட்டார்,
"ராத்திரி பக்கத்துல லைட்டு போடுறியாம்மா?
வெளிச்சம் பாத்துச்சுனா அது
இன்னும் கோடைதான்னு நெனச்சுக்கும்."

வேலூரில் அப்படி நினைக்காதது எது?

பாட்டிலைப் பிடுங்கி
மாடிப்படித் திருப்பத்தில் கட்டினேன்.
தோல் கம்பெனி ஷிப்டு முடிந்து வரும் நஸ்ரினுக்கு
உடைந்த நாலாவது படி இப்போது தெரிகிறதாம்.
மற்ற பத்தும்
கத்தரிக்கும் வெண்டைக்கும் எரிகின்றன.
பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது,
ஊறுகாய் ஜாடியைக் கட்டிக்கொண்டு
அதன் வயிறு கண்ணாடிபோல் தெரிகிறது.

சாமந்தி மூலைக்கு மட்டும் விளக்கில்லை.
நேற்றுத் தண்ணீர் ஊற்றும்போது
கிளை நுனியை விரலால் தடவினேன்.
மிளகளவு ஏதோ தட்டுப்பட்டது.
மொட்டா, புழு சுருட்டிய இலையா,
இருட்டில் தெரியவில்லை.
டார்ச் கையில்தான் இருந்தது.
போடவில்லை.

காலையில் இருநூற்றி ஏழு காலியாகிறது.
இந்த முறை அகர்தலாக்காரர்கள்.
ஜன்னலோரம் நீல மூடி போட்ட ஜாடி ஒன்று
இன்னும் பாதி நெய்யோடு இருக்கிறது.