பத்துக் கிராம்

கரிப்பட்டமுறிப்போடு தார் முடிகிறது.
அதற்கப்பால் ஸ்கூட்டி என் சொல் கேளாது,
கிரவல் சொல்வதைத்தான் கேட்கும்.
முன்கூடைக்குள் தராசு,
துவாயில் சுற்றி,
அதுவும் ஒரு பிள்ளை மாதிரி.

துண்டில் இன்னும் பெயரில்லை:
பேபி ஒஃப் நிறோஜா.
முப்பத்தொரு கிழமையில் அவசரப்பட்டவன்.
முப்பத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து
ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தில்
வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள்.
வீடென்றால்
பூச்சுக் காணாத சுவர்,
யன்னலுக்கு உரப்பை.

"ஏதும் எண்டா ஆஸ்பத்திரியில மிசின் கத்தும் மிஸ்.
இஞ்ச ஆர் கத்துறது?"
முதல் நாளே கேட்டாள்.
நான் சவர்க்காரம் எங்கே என்றேன்.
முழங்கை வரை கழுவினேன்,
தேவைக்கு மேலேயே கழுவினேன்.

கேதீசன் மில்லில் மூடை தூக்குகிறவன்.
எழுபது கிலோவை முதுகால் இறக்கிவிட்டு
வெற்றிலை கேட்கிறவன்.
பிள்ளையைத் தொடமாட்டானாம்.
"என்ர கை உமி, மிஸ்."
சேட்டைக் கழற்றச் சொன்னேன்.
பழைய சாரம் ஒன்றைக் கிழித்து
நெஞ்சோடு நெஞ்சாய்க் கட்டினேன்,
தவளைக்கால் மடித்து,
கன்னம் ஒரு பக்கம், மூக்கு வெளியில்.
அந்தப் பெரிய உடம்பு
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.
"விடுங்கோ தம்பி.
நீங்கள் விட்டால்தான் அவனும் விடுவான்."
அதில் எவ்வளவு மருத்துவம், எவ்வளவு பொய்,
எனக்கும் தெரியாது.

பால்மா டின்னோடு வந்த பக்கத்து வளவுக்காரி
"எலிக்குஞ்சு" என்று தொடங்கினாள்.
மிச்சத்தைப் படலைக்கு வெளியில் சொல்லச் சொன்னேன்.
அன்று பின்னேரம்
கொப்பி ஒற்றையில் எழுதித் தொங்கவிட்டான் கேதீசன்:
தடுமன் உல்லவர்கள் வரவேண்டாம்.
ஒரு எழுத்துப் பிழை. நான் திருத்தவில்லை.

நேற்று, இரவு ரெண்டு மணி.
மழை. கரண்ட் இல்லை. போன்.
"மிஸ், சத்தமே இல்லை."
"உள்ளங்காலைச் சுண்டு. நிறம் என்ன?"
"டோர்ச்சுக்கு எல்லாம் மஞ்சளாத்தான் கிடக்கு."
"போனை மூக்கடியில் வை."

வைத்தாள்.
முதலில் மழை.
பிறகு தகரத்தில் மழை.
பிறகு தூரத்தில் யானைவெடி, ஆரோ வயல் காவல்.
வெடிக்கு அடியில் மூச்சுத் தேடிப் பழகியவர்கள்
இந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.
அது வேறு கதை.
எல்லாவற்றுக்கும் அடியில்
கசங்கிய மெல்லிய தாள் போல ஒன்று
விரிந்தது, சுருங்கியது,
நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்து.

விரிந்தது.

"இவையள் இப்பிடித்தான் நிறோஜா,
கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நிண்டு பாப்பினம்.
இருபது வரை எண்ணு.
அதுக்கு மேல எண்டா, நீலம் எண்டா,
என்னைக் கேளாத. பத்தொன்பது தொண்ணூறுக்கு அடி."
"சரி மிஸ். வையுங்கோ, படுங்கோ."
நான் வைக்கவில்லை.
அவளும் வைக்கவில்லை.
காசு முடிந்து
லைன் தானாய் அறும்வரை
மூன்று பேர் மூச்சு விட்டோம்.

காலையில் வளையில் கொக்கி மாட்டினேன்.
திங்கட்கிழமை இருபது குறைந்திருந்தான்.
இன்றைக்குப் பத்து ஏறியிருக்கிறான்.
போதாது.
கொப்பியில் எழுதினேன்,
இரவில் இன்னொரு தரம் பால் பீச்சிக் கொடுக்கச் சொன்னேன்,
வியாழன் யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக்,
ஐந்தேகால் பஸ்ஸை விடவேண்டாம் என்றேன்.

"பத்துக் கிராம் எண்டா எவ்வளவு மிஸ்?"

மூடைகளில் வாழ்கிறவன் கேட்கிறான்.
மூலைச் சாக்கில் கைவிட்டு
ஒரு பிடி நெல் அள்ளிக் காட்டினான்.
கூட, என்றேன்.
விரலிடுக்கால் கொஞ்சம் விட்டான்.
இன்னும் கூட.
நிலத்தில் விழுந்ததைக் கோழி பார்த்துக்கொண்டது.
உள்ளங்கைக் குழியில் ஒரு சின்னக் குவியல் மிஞ்ச,
இவ்வளவுதான், என்றேன்.

சேட்டில்லை, வைக்கப் பையில்லை.
நெஞ்சில் பிள்ளை உறங்க
கையை மூடிக்கொண்டு
அப்படியே நின்றான்.