மாதாந்திரப் பராமரிப்பு

பேப்பரில் போட்டிருந்தான்:
காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை
அங்கேரிபாளையம், அதைச் சுற்றியுள்ள வீதிகள்,
மாதாந்திரப் பராமரிப்பு, மின்சாரம் இருக்காது.

ஒன்பதுக்கு ரண்டு நிமிசம் இருக்கையிலேயே
லைன் வீட்டு ஓவர்லாக்குகள் ஒவ்வொன்றாய் மூச்சடங்கின.
எங்கோ ஒரு காக்கா கத்துவது கேட்டது.
தினமும்தான் கத்தியிருக்கும்.

எக்ஸெல்லைச் செண்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன்.
என் பேரில் இருக்கிற ஒரே ஆர்.சி. புக்.
வீடு வாடகை, மிஷின் சிவமலையுடையது,
கொடி பேங்கில்.
வண்டி மட்டும்
ஹாரன் முதல் கேரியர் வரை நான்.

பிளக்கைக் கழற்றினால்
கரி தின்ற பல்லாட்டம் கறுத்திருந்தது.
எமரி சீட்டில் ஒரு துண்டு கிழித்துத் தேய்த்தேன்.
இடைவெளி பார்க்க ஒடிந்த ஆக்ஸா பிளேடு:
உள்ளே போய், லேசாய் உரசி, வெளியே வர வேணும்.
மெக்கானிக்கிடம் போனால் முன்னூற்றைம்பது.
"புதுசு எடுத்துருங்க்கா" என்கிற நாயம் இலவசம்.

எப்படிக் கற்றாய் என்று கேட்கிறார்கள்.
ராத்திரி பதினொன்றரைக்கு லூப்பர் முறிந்து
காலையில் கண்டெய்னர் ஏற வேண்டிய துணியோடு
ஓவர்லாக்கின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.
அதைப் பிரித்து மாட்டியவளுக்கு
இது என்ன, ரண்டு சக்கரம், ஒரு சங்கிலி.

ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன்.
பூராவும் பஞ்சு.
மேலாக இங்க் நீலம். அது போன வாரம்,
ஏதோ பள்ளிக்கூடத்துக்கு.
அடியில் இளஞ்சிவப்பு. மாசியில் நாலாயிரம் பீஸ்,
ஆறு மாசக் குழந்தை அளவு.
எந்த நாட்டுப் பிள்ளைகளோ,
இந்நேரம் தவழ்ந்து முட்டி நைந்திருக்கும்.
அதற்கும் அடியில் பாசிப்பச்சை.
அந்த ஆர்டர் கேன்சல், கூலி இன்னும் பாக்கி,
பஞ்சு மட்டும் கணக்காய் வந்து சேர்ந்திருக்கிறது.

பெட்ரோலில் அலசிப் பிழிந்தேன்.
மூணும் கலந்து
நொய்யல் ஓடுகிற நிறத்தில் இறங்கியது.
ஆயிலில் முக்கி, மறுபடி பிழிந்து,
செவுத்தோரம் வைக்கும்போது தும்மல்.
துண்டைப் பார்த்தேன்.
இங்க் நீலம்.

ஈ.எஸ்.ஐ. டாக்டர் கேட்டார், தூசியில் வேலையா என்று.
தூசி இல்லைங் சார், பஞ்சுங் என்றேன்.
எழுதிக்கொண்டார்.
எந்தப் பக்கம் திறந்து அலசுவது என்று
அவரும் சொல்லவில்லை.

சங்கிலி இழுக்க இன்னொரு கை வேணும்.
மூணாம் வீட்டுத் தாசரதி வந்தான்,
கேந்திரபாடாக்காரன், பிரிண்டிங்கில் நைட்டு.
எனக்கு அவன் பேச்சுத் தெரியாது,
என் பேச்சு அவனுக்குப் பாதி.
"டைட்?" என்றான்.
"டைட்."
அவன் சக்கரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்க,
விரல்கட்டை அளவு தொய்வு விட்டு நான் நட்டை முறுக்க,
அந்த ஒரு சொல்லிலேயே வேலை முடிந்தது.
டீ குடிக்கிறாயா என்றேன்.
அதுவும் விளங்கியது.

பிரேக் ஒயருக்கு மிஷின் ஆயில் நாலு சொட்டு.
சைலன்ஸரைத் தட்டிக் கரியைக் கொட்டினேன்.
எல்லாம் மாட்டி எழுந்தால்
சாக்கின் மேல் ஒரு வாசர் பாக்கி.
எப்போதும் ஒன்று பாக்கி வரும்.
கடுகு டப்பாவில் ஏற்கெனவே ஏழு.
ஏழும் இல்லாமல்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறது.
எட்டு.

நாலு மணி என்றவன்
மூணு இருபதுக்கே கரண்டை விட்டுவிட்டான்.
வீதி ஒரே மூச்சில் கடகடவென்று எழுந்தது.
போனும் எழுந்தது.
"மயிலக்கா, நூத்தியிருவது டஜன் கட்டிங் ரெடி,
பொழுதோட வந்து எடுத்துக்குங்."

ஒரு உதை, இல்லை.
இன்னொன்று, இருமல்.
மூணாவதில் பிடித்து,
வெள்ளைப் புகை தாசரதியின் டீயில் விழுந்தது.
அவன் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தான்.

காந்திநகர் இறக்கத்தில் காலி வண்டியாய்ப் போனேன்,
துண்டை மூக்கோடு சேர்த்து
முடிச்சுப் போட்டுக்கொண்டு.
ஸ்பீடு பிரேக்கர் வந்தது.
பிரேக்கைப் பிடித்தேன்.
பிடித்தது.